கிணற்றுநீரா, குழாய்நீரா? யாழ்ப்பாண வீடுகளுக்குச் சில குறிப்புகள்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதே நம் கிணற்றுநீர். இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுவரும் யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் வடமராட்சி கிழக்கு, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நுண்சவ்வுகளூடாக உயரழுத்தத்தில் கடல்நீரைச் செலுத்தி அங்கே உப்பைப் பிரிக்கிறார்கள்.

குழாய்நீரில் குளோரின் மணத்தால் மட்டும் முகஞ்சுளிக்க வேண்டாம். கிருமி வராமல் காப்பது அதுதான். அகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடிச் சில மணிநேரம் வைத்தால் மணம் குறையும். கூரைத் தாங்கியில் கிணற்றுநீரையும் குழாய்நீரையும் கலக்காதீர்கள்.

கிணற்றுநீரால் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு பெரிய ஆபத்தல்ல. கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுத்தான் கவலை. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிக் கசிவும் கல் வெடிப்புகளூடாக விரைவாகக் கிணற்றை அடைகின்றன. நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறிவடையும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம்.

வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் கிணற்றுநீரை இந்த வாரமே பரிசோதனைக்குக் கொடுங்கள்.