இலங்கையில் காப்பியின் வீழ்ச்சியும் கண்டிக் குடியானவரும்

ஒரு நாட்டின் செல்வம் ஒரே பயிரைப் பற்றி நிற்குமாயின், அப்பயிருக்கு நேரும் கேடு அந்நாட்டாருக்கே நேரும் கேடாய் முடியும். இலங்கைச் சரித்திரம் இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகின்றது.

1870-ஆம் ஆண்டில் அத்தீவினின்றும் ஏற்றுமதியான காப்பி ஏறக்குறைய 10 லட்சம் அந்தர். காப்பி என்றவுடன் துரைமாரின் தோட்டங்களும், அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டினின்றும் கடல் கடந்து சென்ற கூலியாட்களுமே நம் நினைவிற்கு வருவது இயல்பு. ஆயினும் கண்டிச் சிங்களக் குடியானவர்களும் தத்தம் வீட்டுத் தோட்டங்களில் காப்பி பயிரிட்டு வந்தனர். வயல் அவர்களுக்குச் சோறளித்தது. காப்பி கைப்பணம் அளித்தது. நெல்வரி செலுத்துதற்கும் அப்பணமே உதவிற்று.

1869-இல் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. அது ஒருவகைப் பூஞ்சணம். பெர்க்லி, புரூம் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் அதற்கு ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். அந்நோய் பற்றிய இலைகள் உதிரும், செடி மெலியும், காய்ப்புக் குன்றும். 1880 முதல் 1882 வரை இதனை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், பூஞ்சண வித்துக்களைக் காற்றுப் பரப்புதலையும், மலைமுழுதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமை அதற்குத் துணையாயினமையையும் எடுத்துரைத்தார். 1890-களில் ஏற்றுமதி பழைய அளவில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்தது.

துரைமாரிற் பலர் கடனில் மூழ்கினர். எஞ்சியோர் சிங்கோனாவையும், பின்னர்த் தேயிலையையும் நட்டுப் பிழைத்தனர். குடியானவர் அங்ஙனம் செய்யாமை ஏன்? காப்பிப் பழத்தை முற்றத்தில் உலர்த்தி வைத்து விற்கலாம். தேயிலைக் கொழுந்தையோ பறித்தவுடன் ஆலையிற் சேர்த்தல் வேண்டும். ஆலை வைப்பதற்கேற்ற முதல் அவர்களிடம் இல்லை.

இந்நிலையில், நெல்வரியைத் தானியமாகக் கொள்ளாது பணமாகவே பெறுதற்கு 1878-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பணம் தந்த பயிர் அழிந்துவரும் காலத்திலேயே பணம் கேட்கப்பட்டது. 1880-களில் வலப்பனைப் பகுதியில் வரி நிலுவைக்காக வயல்கள் ஏலமாயின. நிலமிழந்த குடும்பங்கள் பசியாலும் பிணியாலும் வருந்தின, மாண்டோரும் பலர். 1892-இல் நெல்வரி நீக்கப்பட்டது. ஆயினும் மாண்டவர் மீள்வரோ?

நோய் செடியை அழித்தது. வயலைப் பறித்ததோ வரியே. இவ்விரண்டையும் நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். 2012-இல் மத்திய அமெரிக்காவிலும் இத்துருநோய் பரவிச் சிறு விவசாயிகளை வாட்டியது. உலகக் காப்பியிற் பெரும்பகுதியை இன்றும் விளைவிப்போர் அத்தகைய சிறு விவசாயிகளே. பூஞ்சணத்தை முற்றும் தடுத்தல் மனிதரால் இயலாதிருக்கலாம். பலவகைப் பயிர்களை வளர்க்கத் துணைசெய்தலும், விளைவு பொய்த்த ஆண்டில் வரியையும் கடனையும் தளர்த்துதலும் இயலாதன அல்ல.