தொட்டியில் வளரும் பெயரறியாச் செடி: அவுரியா, கொழுஞ்சியா?

சங்க முற்றத்தில், முன்னர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி ஒன்றில் மண் நிரப்பி, எவரோ கொடுத்த விதையைத் தூவியதாகக் கொள்வோம். இரண்டு மாதங்களில் செடி செழித்து நிற்கிறது. விதைத்தவர் அதனை அவுரி என்கிறார். வயலிலிருந்து வந்த அங்கத்தினரோ கொழுஞ்சி என்கிறார். பெயர்ச்சீட்டு இல்லை. இவ்வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம் என்பதே இம்மாதம் நாம் படிக்கப்போகும் பாடம்.

பசுந்தாள் உரமாக மடக்கி உழுவதாயின் இவ்விரண்டில் எதுவாயினும் நன்மையே. இரண்டும் பயறுக் குடும்பத்தவை. வேர் முடிச்சுகளின் வாயிலாகக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்ப்பவை. ஆனால் நீலச் சாயத்திற்கென இலை கேட்கும் நெசவாளரிடம் கொழுஞ்சியைக் கொடுத்தால் நீலம் வாராது. விதைத்து முதல் அறுப்புக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றமையால், பிழை வெளிப்படும்போது பருவமும் போயிருக்கும், சங்கத்தின் பணமும் போயிருக்கும். இருப்புப் பதிவேட்டில் 'விதை, 5 கிலோ' என்று மட்டும் எழுதி வைக்கும் வழக்கம் நமக்குச் சற்றும் உடன்பாடன்று.

பெயரை மட்டும் நம்புவதும் தகாது. நம் நாட்டில் அவுரிக்கு நீலி என்றும் பெயர் உண்டு. ஆங்கிலத்திலோ 'காட்டு அவுரி' எனப் பொருள்படும் பெயரைக் கொழுஞ்சிக்கே வழங்குகின்றனர்! இக்குழப்பத்தைத் தவிர்க்கவே தாவரவியலார் இலத்தீன் பெயரைக் கையாளுகின்றனர். அவுரி 'இண்டிகோஃபெரா டிங்டோரியா'. கொழுஞ்சி 'டெஃப்ரோசியா பர்பூரியா'.

செடியின் உயரத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. தொட்டியில் வேருக்கு இடம் குறைவாதலின் செடி குறுகும், இலையும் சிறுக்கும். இங்கிலாந்தில் பழைய கல்தொட்டிகளில் உயர்மலைச் சிறுசெடிகளை வளர்ப்போர் உளர். பெயர்ச்சீட்டு தொலைந்துவிட்டால், அவற்றுட் பலவற்றைப் பூக்கும் வரையில் அவர்களாலும் உறுதியாகச் சொல்ல இயல்வதில்லை.

நமக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு சிற்றிலையைப் பறித்து, அடியையும் நுனியையும் இரு கைவிரல்களாற் பற்றி மெல்ல இழுப்போம். கொழுஞ்சியாயின் அது குறுக்கே நேராகக் கிழியாது. பக்க நரம்புகளின் போக்கிலே அம்புமுனை வடிவாகப் பிரியும். அவுரி இவ்வாறு பிரிவதில்லை. கொழுஞ்சியின் சிற்றிலை ஒடுங்கி நீண்டது. அவுரியினுடையது அகன்று முட்டை வடிவை ஒட்டியது. பூவும் காயும் வந்தபின் ஐயத்திற்கே இடமிராது. அவுரியின் பூ சிறியது, இளஞ்சிவப்பானது. காய் ஊசி போல் மெலிந்து உருண்டது, கொத்தாகத் தொங்குவது. கொழுஞ்சியின் பூ ஊதா, காயோ தட்டையானது.

சாயத்திற்குரிய சோதனை இன்னும் இனியது. பூக்குமுன் பறித்த பசுமையான இலையை ஒரு பாத்திரத்தில் இட்டு, நீர் ஊற்றி, மிதவாதபடி சிறு கல்லை ஏற்றி ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். மறுநாள் இலையை நீக்கிவிட்டு, மஞ்சளும் பச்சையும் கலந்த அந்நீரில் சிறிது தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சேர்த்து, தேநீர்க் கடைக்காரர் ஆற்றுவதுபோல் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயர்த்தி ஊற்றுக. காற்றுப் பட்டவுடன் நீரும் நுரையும் நீலமாகும். பின்னர் நீலம் அடியிற் படியும். இலையில் நீலம் நீலமாகவே இருப்பதில்லை. நிறமற்ற பொருளாக இருந்து, ஊறும்போது பிரிந்து, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்த பின்னரே நிறம் பெறுகிறது. ஜெர்மானியர் ஆலையிற் செய்த நீலத்தை 1897இல் சந்தைக்குக் கொணர்ந்தபின் அவுரிச் சாகுபடி சுருங்கியது. எனினும் இயற்கைச் சாயத்தை விரும்பிக் கேட்போர் இன்றும் உளர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இத்தொழில் இன்னும் நடைபெறுகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நீலம் தோன்றினால் இலையிற் சாயம் உண்டென்பது மட்டுமே உறுதி. அவுரி இனத்தில் வேறு செடிகளும் உள. விதைக்கெனப் பெருக்குமுன் அறிந்தோரிடம் காட்டுதல் நலம். நம் மாவட்டத்தில் வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கிய ராப்பினாட் உலர்தாவரக் காப்பகம் நமக்கு அண்மையிலுள்ளது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது.

வெறும் இலையை உறையிலிட்டு அனுப்புவதால் பயனில்லை. பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாள்களுக்கிடையே பரப்பிப் பாரம் ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்த வேண்டும். ஊர், தேதி, மண்ணின் தன்மை, செடியின் உயரம் ஆகியவற்றை உடன் எழுதுக. பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே குறித்துக்கொள்வது இன்றியமையாதது. அவுரிப் பூவின் இளஞ்சிவப்பு தாளுக்குள் மங்கிவிடும். தொட்டிக்குரிய பெயர்ச்சீட்டையோ பென்சிலால் எழுதுக. மை மழையிற் கரையும்.