பிரிட்டனில் ஆடவரும் மகளிரும் சிகரெட்டும்

ஒரு பழக்கம் ஒரு நாட்டிற் புகுந்து, பரவிப் பின்னர்த் தேயும் முறையை எண்களாற் காட்டுதல் எளிதன்று. சிகரெட்டைப் பொறுத்தமட்டில், பிரிட்டன் தேசத்தார் அவ்வெண்களை நெடுங்காலமாகத் தொகுத்துள்ளனர். அவற்றைத் துணைக்கொண்டு ஆடவரும் மகளிரும் சென்ற வழியை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

சிகரெட்டைக் கையாற் சுருட்டிய காலத்தில் அஃது அருகிய பொருளாகவே இருந்தது. 1880ஆம் ஆண்டையடுத்து, போன்சாக் என்னும் அமெரிக்கர் இயற்றிய இயந்திரம் வழக்கிற்கு வந்தபின் அது மலிந்தது. 1914இல் மூண்ட மகாயுத்தத்திலே போர்வீரர்க்கு உணவோடு புகையிலையும் பங்கிட்டளிக்கப்பட்டது. பிழைத்து வீடு திரும்பியோர் அப்பழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். மகளிர் புகைத்தலோ அந்நாளில் நாணத்தக்கதெனக் கருதப்பட்டது. இரு யுத்தங்களுக்கு இடையிலும், இரண்டாம் யுத்தக் காலத்திலுமே அவரிடையே அது பெருகிற்று.

1948ஆம் ஆண்டில் ஆடவருள் நூற்றுக்கு 65 பேரும், மகளிருள் 41 பேரும் சிகரெட்டுப் புகைத்தனர். 1950இல் டால், ஹில் என்னும் அறிஞர் இருவர் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை வெளியிட்டனர். 1962இல் லண்டன் வைத்தியர் கழகமும் நாட்டாரை எச்சரித்தது. 1974இல் ஆடவர் தொகை 51 ஆகக் குறைந்தது. மகளிர் தொகையோ 41 என்ற அளவிலேயே நின்றது. அதன்பின் இரண்டும் இறங்கி, 2023இல் முறையே ஏறத்தாழ 14, 10 என்னும் நிலையை அடைந்தன.

நிற்க, இவ்வெண்களைப் படிப்போர் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். 1950ஆம் ஆண்டையொட்டி இந்நோயால் இறந்த மகளிர் ஆடவரினும் மிகக் குறைவு. அதுகொண்டு பெண்ணுடல் புகையைத் தாங்கவல்லதெனச் சிலர் எண்ணக்கூடும். அஃது உண்மையன்று. புகைக்கத் தொடங்குவதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையே முப்பது நாற்பது ஆண்டுகள் கழிகின்றன. ஆடவர் மரணம் 1970ஆம் ஆண்டையடுத்து உச்சத்தை எட்டித் தாழத் தொடங்கியது; மகளிர் மரணமோ அதன்பின்னும் பல்லாண்டு ஏறிக்கொண்டே வந்தது. இளமை தொட்டு வாழ்நாள் முழுதும் பெருந்தொகையாகப் புகைத்த முதற் பெண் தலைமுறை 1940ஆம் ஆண்டையொட்டிப் பிறந்ததே. ஆதலின் அவர்க்குற்ற முழுத்தீங்கு இந்நூற்றாண்டில்தான் புலனாயிற்று.

புகைப்பதை விடாத ஆடவர் ஏறத்தாழப் பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர் என்பது 2004இல் வெளியான, பிரிட்டிஷ் வைத்தியர்களைப் பற்றிய ஐம்பதாண்டு ஆராய்ச்சியாற் கிடைத்த முடிபு. பத்து லக்ஷத்திற்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, மகளிர்க்கும் இழப்பு பத்தாண்டிற்குக் குறையாதென நாட்டிற்று. நாற்பது வயதிற்கு முன் விட்டோர் புகையால் விளையும் அகாலமரண அபாயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் தப்பினர் என்பதும் அதனாலேயே தெளிவாயிற்று.

ஆகவே, ஓராண்டின் மரணக்கணக்கு முந்திய தலைமுறை விதைத்ததன் விளைவு என்றறிக. அவ்விதை ஊன்றப்படும் பருவம் பெரும்பாலும் மாணவப் பருவமே. நோயின்மை கண்டு அச்சமின்றித் தொடங்குவோர், அவ்வின்மை காலத்தாழ்ச்சியேயன்றிக் காப்பு அன்று என்பதை உணர்வாராக.