மேப்பில் கை வைக்கும் முன்

கார்புரேட்டர் காலத்தில் எங்களுக்குத் திருப்புளியும் காதும் போதும். நீங்கள் லேப்டாப்போடு வருகிறீர்கள். வரட்டும். ஆனால் திரையில் ஓடும் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் எண்ணை மாற்றாதீர்கள், பிள்ளைகளா.

1. எந்த வார்த்தை வந்தாலும், அது காற்றா, பெட்ரோலா, நேரமா என்று கேளுங்கள். உள்ளே போகும் காற்றைக் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமாக மாற்றுவதே ஈசியூவின் வேலை.

2. மேப் இரண்டு உண்டு. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது மேப் சென்சார். ஆர்பிஎம், லோடு என்று கட்டம் போட்ட அட்டவணையும் மேப்தான். “மேப் சரியில்லை” என்றால், எந்த மேப் என்று கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

3. இன்ஜெக்டருக்குக் கரண்ட் போகும் நேரம் பல்ஸ் வித். கரண்ட் வந்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது. ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் வீணாகும். அது டெட் டைம். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் அது கூடும். ஹெட்லைட் போட்டதும் ஐடிலிங் தடுமாறினால் இதையும் பாருங்கள்.

4. 6000 ஆர்பிஎம்மில் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு முழுச் சுழற்சியை முடிக்க 20 மில்லி செகண்ட். பல்ஸ் வித் 17 என்றால் டியூட்டி சைக்கிள் 85 சதவீதம். அதற்கு மேல் மேப்பில் எண்ணைக் கூட்டிப் பயனில்லை. பெரிய இன்ஜெக்டர் போடுங்கள். போட்டதும் அதன் ஃப்ளோ அளவை ஈசியூவில் மாற்ற மறக்காதீர்கள்.

5. கலப்பில்லாத பெட்ரோல் 1 கிலோவுக்குக் காற்று 14.7 கிலோ, இ20 பெட்ரோலுக்குச் சுமார் 13.5. உள்ளே போன காற்றைத் தேவையான காற்றால் வகுத்தால் வருவது லாம்டா. இந்த அளவில் இரண்டுக்கும் அது 1தான். பல மீட்டர்கள் லாம்டாவை 14.7ஆல் பெருக்கி, காற்று-பெட்ரோல் விகிதமான ஏஎஃப்ஆரைக் காட்டுகின்றன. டேங்கில் இருப்பது என்ன பெட்ரோல் என்று அவற்றுக்குத் தெரியாது. ஆகையால் லாம்டாவிலேயே பேசப் பழகுங்கள்.

6. நேரோபேண்ட் சென்சார், லாம்டா 1க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். ஃபுல் த்ராட்டில் டியூனிங்குக்கு வைட்பேண்ட் வேண்டும். மிஸ் அடிக்கும் சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் வரும். சென்சார் அதையும் லீன் என்றே காட்டும். பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் பெட்ரோலைக் கூட்டாதீர்கள்.

7. பழைய ஃபைலைச் சேமித்த பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

8. ஈசியூ தானாகக் கூட்டிக் குறைக்கும் சதவீதமே ஃப்யூல் ட்ரிம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள ஒரு வண்டி. ஐடிலிங்கில் லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 20. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிடும். நான் இரண்டு நாள் மேப்போடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், மேனிஃபோல்டு கேஸ்கெட் கிழிந்து, சென்சார் எண்ணாத காற்று திருட்டுத்தனமாக உள்ளே போயிருக்கிறது. காற்றில் இருந்த கோளாறைப் பெட்ரோலில் தேடியிருக்கிறேன். முதல் அறிவுரையை நான் கற்றது அந்த வண்டியில்தான்.