நடுவில் இருக்கும் நாட்களுக்கு ஒரு போன்

அன்புள்ள குந்தாரப்பள்ளித் தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயர் போடாமல் பத்திரிகையிலேயே பதில் எழுதச் சொன்னீர்கள், நல்லதாகப் போயிற்று. கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர்ப் பக்கத்திலிருந்து இதே கேள்வியோடு வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்களைப் போல நேராகக் கேட்டவர் யாருமில்லை: "மூணு மாசத்துக்கு ஒரு தடவை பெங்களூர் போறேன்க்கா. டாக்டர் பத்து நிமிஷம் பார்க்கிறார். நடுவுல இருக்கிற தொண்ணூறு நாளும் நான் யாரைக் கேட்கிறது?"

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்படும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பு இழைகளின் மேலுறையைத் தாக்குகிற நோய். உறை எங்கே கெடுகிறதோ அதைப் பொறுத்துப் பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், சிறுநீர் அடக்க முடியாமல் வரும், ஒரு வேலையும் செய்யாதபோதே உடம்பு ஓய்ந்துவிடும். பெரும்பாலும் 20இலிருந்து 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழுவினர் எடுத்த கணக்கில் லட்சம் பேருக்கு எட்டுப் பேர் என்ற அளவில் வந்தது. குந்தாரப்பள்ளி போன்ற ஓர் ஊரில் உங்களுக்குப் பேச்சுத் துணையாக இன்னொரு எம்.எஸ். நோயாளி கிடைப்பது அரிது என்பது இதிலிருந்தே தெரியும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வரும் அத்தனை கூட்டத்திலும் உங்கள் காலுக்கு என்ன ஆகிறது என்று சொன்னால் புரிந்துகொள்ள ஒருவர் இருப்பாரா என்று நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய டாக்டரை வீடியோவில் பார்ப்பதோ, இன்னொரு ஆப்போ உங்களுக்கு முதல் தேவை இல்லை என்பது என் கருத்து. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், விஷயம் தெரிந்த ஒருவர் உங்களுக்குப் போன் பண்ண வேண்டும். போன வாரம் எப்படிப் போயிற்று, வரும் வாரத்தில் எதை மாற்றலாம் என்று உங்களோடு சேர்ந்து யோசிக்க வேண்டும். இதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஈட் என்ற உளவியலாளரின் குழு 163 எம்.எஸ். நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தது. வாரம் ஒரு போன், எட்டு வாரம். ஒரு குழுவுக்குச் சோர்வையும் வலியையும் மனச்சோர்வையும் தாங்களே கையாளும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டும். 2015இல் வெளியான முடிவில், இந்த மூன்று தொல்லைகளில் ஒன்றாவது பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 58, இரண்டாவதில் 46. அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. இரண்டு குழுவுமே முன்னேறின, ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் இருந்தது. ஆய்வாளர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். எனக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. என்ன பேசினார்கள் என்பதைவிட, ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிட்டதே பாதி வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் பெரிய செலவில்லாமல் நம் ஊரிலும் இதைச் செய்யலாம்.

அதற்கு முன்பே, 2011இல், மார்சியா ஃபின்லேசன் குழுவினர் 190 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு வாரம், ஒரே அழைப்பில் பலர் சேர்ந்து பேசும் வகுப்பு, சோர்வைச் சமாளிப்பது எப்படி என்று. முடிவு என்ன தெரியுமா? சோர்வின் கடுமை குறையவில்லை. அது அன்றாட வாழ்க்கையைக் கெடுப்பது குறைந்தது. உங்களிடம் யாராவது "இதைப் பண்ணினால் அசதியே இருக்காது" என்று சொன்னால் நம்பாதீர்கள். அசதி இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாளை ஓட்டப் பழகலாம், அவ்வளவுதான். உடம்பில் உள்ள தெம்பைச் செல்போனின் தினசரி டேட்டா போல வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் துணி துவைத்து, வாசல் தெளித்து, மூன்று வேளைக்கும் சமைத்துத் தீர்த்துவிட்டால் கம்பெனியில் மத்தியான ஷிஃப்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

போனில் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதை என் வீட்டு விஷயத்தை வைத்தே சொல்கிறேன். என் அக்காவுக்கு எம்.எஸ். வந்து வெகுகாலம் ஆகிறது. ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில்தான் போவாள். வழியில் பாத்ரூம் கிடைக்காது என்ற பயத்தில் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். இது ஒரு வழக்கமாகவே ஆகி, சாதாரண நாட்களிலும் தண்ணீர் குறைந்தது. ஒரு தடவை சிறுநீரில் கிருமி தாக்கி, லேசான காய்ச்சல். அன்று சாயங்காலம் கட்டிலிலிருந்து இறங்கியவள் நிற்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோய் மறுபடி தாக்கிவிட்டது என்று வீடே அழுதது. முன்பு கொடுத்த ஸ்டீராய்டு சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடத் தயாரானார் மாமா. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர் போனில் கேட்டது மூன்றே கேள்வி: காய்ச்சல் இருக்கிறதா? சிறுநீர் போகும்போது எரிகிறதா? எத்தனை மணி நேரமாக இப்படி? பக்கத்து ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, காலும் திரும்பி வந்தது.

இந்த வேறுபாட்டை நீங்களும் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ வெயிலோ வந்தால் பழைய தொல்லைகள் தற்காலிகமாகத் தலைகாட்டும். காரணம் விலகியதும் அடங்கும். இதுவரை இல்லாத ஒரு தொல்லை, அல்லது பழையதே கூடுதலாக, காய்ச்சலும் தொற்றும் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். அப்போது நரம்பியல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு கண் மங்குவது, கால்கள் திடீரென்று இழுப்பது, சிறுநீர் முழுக்க அடைத்துக்கொள்வது, இதற்கெல்லாம் போனில் வைத்தியம் கிடையாது. பழைய சீட்டை வைத்து ஸ்டீராய்டு வாங்கிப் போடவே கூடாது.

வெயில் விஷயம் உங்களுக்கு முக்கியம். உடம்பு சூடானால் எம்.எஸ். தொல்லைகள் கூடும். உடம்பை வருத்தி உழைத்தால் எம்.எஸ். உள்ளவர்களின் பார்வை மங்குவதை 1890இலேயே வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவிட்டார். கெட்டுப்போன உறையுள்ள நரம்பில் சூடு ஏறினால் செய்தி ஓடுவது தடைபடும். குளிர்ந்ததும் சரியாகும், நிரந்தரக் கெடுதல் இல்லை. கம்பெனிக்குள் ஏ.சி. இருப்பதால் அங்கே நன்றாக இருக்கிறது, வீட்டில்தான் விழுந்துபோகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தகர ஷீட் கூரைக்குக் கீழே பங்குனி சித்திரையில் மதியம் அடுப்புப் பற்ற வைத்தால் அப்படித்தான் ஆகும். ஹைவே ஓரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அரை மணியும் அப்படியே. சமையலை விடியற்காலைக்கு மாற்றுங்கள், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே நறுக்குங்கள், பஸ்ஸுக்கு நிற்கையில் கழுத்தில் ஈரத்துண்டு. மாமியார் என்ன நினைப்பார் என்று தயங்க வேண்டாம். அவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

சரி, அந்த போன் யாரிடமிருந்து வரும்? முதலில் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். மார்ச் 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறையின்படி, பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவின் எந்தப் பகுதியில் உள்ள நோயாளிக்கும் தொலைவிலிருந்து ஆலோசனை தரலாம். அவர் கர்நாடகத்திலும் நீங்கள் தமிழ்நாட்டிலும் இருப்பது ஒரு தடையே இல்லை. ஒரே நோய்க்காக நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் என்றால் அது தொடர் ஆலோசனைக் கணக்கில் வரும். உங்கள் உடல்நிலையும் மருந்தும் இடம் கொடுத்தால், நான்கு பயணத்தில் இரண்டைப் போனுக்கு மாற்ற முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை. ரத்தப் பரிசோதனையைக் கிருஷ்ணகிரியிலேயே எடுத்து அனுப்பலாம். எம்.ஆர்.ஐ.க்கும் டிரிப் ஏற்றும் மருந்துக்கும் நேரில்தான் போக வேண்டும்.

உடற்பயிற்சிக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே உங்கள் மாவட்டத்தில், சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பி.பி. மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும்; வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வரும் பிசியோவுக்கு எம்.எஸ். நோயாளியைப் பார்த்த பழக்கம் இல்லாமல் இருக்கலாம். சூடேறாமல், இடைவெளி விட்டு, காலையிலேயே பயிற்சி வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்குள்ள சலுகைகளையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். இருக்கிறது. படிவத்தில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று தந்தால் சலுகைகளுக்கு வழி உண்டு, யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கர்நாடகத்திலும் செல்லும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால், வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளத்தோடு நோய் விடுப்புப் பயன் இருக்கிறது. லீவு எடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்து நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசிப் பக்கத்தில், இரவில் தூக்கம் வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எம்.எஸ். உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் வரும். அது உங்கள் மனதிடக் குறைவல்ல, வைத்தியம் உள்ள ஒன்று. 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். அடுத்த தடவை டாக்டரிடம் காலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். இந்திய மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சங்கம் 1985இலிருந்து இயங்குகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் கிளைகள் உண்டு. உங்களுக்கு எது வசதியோ அதில் பதிந்துகொண்டு, தமிழ் பேசும் ஒரு நோயாளியோடு வாரம் ஒரு முறை பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி நர்ஸிடமும் இதையே கேளுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு. ஷிஃப்ட் மாறினாலும் மாறாத நேரமாக வாங்குங்கள். யாராவது மறுத்தால் எனக்கு எழுதுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் அக்கா உங்களோடு பேசத் தயாராக இருக்கிறாள். அவள் எண்ணைத் தனியாக உங்கள் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா