அடுப்பில்லாமல் வரும் சூடு: சோப்பு செய்யும் சகோதரிகளுக்கு ஒரு பாடம்



பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் என்றாலே தென்னைதான். 2018 நவம்பரில் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. கன்று வைத்து மறுபடி எழுந்து வருகிறோம். தேங்காயாக விற்பதைவிட எண்ணெய், சோப்பு என்று செய்து விற்றால் கையில் நாலு காசு கூட நிற்கும். அதற்கு முன் சூட்டைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் தளதளன்னு கொதிக்கும். அடுப்பே கிடையாது! இப்படிச் சூட்டை வெளியே விடும் மாற்றத்துக்கு வெப்ப உமிழ் வினை என்று பெயர். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்கும்போதும் இதேதான். சூடு 80 டிகிரிக்கு மேலேகூடப் போகும்.

எண்ணெயில் என்ன நடக்கிறது? தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம் இருக்கிறது. அமிலத்தின் நுனியில் இருப்பது கார்பாக்சில் குழு. காடி வினிகரில் இருப்பதும் இதே குழுதான். எண்ணெயில் மூன்று அமிலங்கள் ஒரு கிளிசரினின் கையைப் பிடித்திருக்கின்றன. கிளிசரின் ஆல்கஹால் வகை. அதற்கு மூன்று ஹைட்ராக்சில் குழுக்கள். இந்தக் கைப்பிடிப்புக்கு எஸ்டர் என்று பெயர். காஸ்டிக் சோடா அந்தப் பிடியை அவிழ்க்கிறது. அமிலம் சோடாவோடு சேர்ந்து சோப்பாகிறது, கிளிசரின் தனியாக நிற்கிறது. அப்போதும் சூடு வரும்.

அளவு: தேங்காய் எண்ணெய் 1 கிலோ, காஸ்டிக் சோடா 170 கிராம், தண்ணீர் 350 கிராம். டம்ளர் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். வேறு எண்ணெய் என்றால் சோடாவின் அளவும் மாறும்.

கவனிக்க வேண்டியவை:

1. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

2. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அரித்துப்போகும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். எவர்சில்வர் நல்லது.

3. கையுறை, கண்ணாடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

4. மேலே பட்டால் எலுமிச்சம்பழம், வினிகர் தடவாதீர்கள். அமிலமும் சோடாவும் சேர்ந்தால் அதிலும் சூடுதான் வரும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சோப்பை 4 வாரம் காயவைத்த பிறகே விற்பனைக்கு எடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கும் நாலு விதிகளும் மனப்பாடமாக வேண்டும். வருமானம் முக்கியம்தான், அதைவிட நம்ம கண்ணும் கையும் முக்கியம்!