விளையாட்டில் ஒரு கணக்குப் பாடம்

நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் கணக்கை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்கிறார்கள். ‘விகிதம்’, ‘மீச்சிறு பொது மடங்கு’ போன்ற சொற்கள் அவர்கள் காதில் விழுவதே அரிது. ஆகவே, அவர்கள் விரும்பும் கணிப்பொறி விளையாட்டு ஒன்றைக் கொண்டே இவற்றை விளக்க முற்படுகிறேன். பெற்றோரும் உடன் அமர்ந்து படித்தால் நல்லது.

2019-ல் வெளிவந்த ‘அன்னோ 1800’ விளையாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரம் ஒன்றை நாமே எழுப்பி நடத்த வேண்டும். தொழிலாளர்களுக்கு ரொட்டி தேவை. ஒரு டன்னுக்கு ஆகும் நேரம்: கோதுமைப் பண்ணைக்கு 60 விநாடி, மாவு ஆலைக்கு 30, பேக்கரிக்கு 60. எதை எத்தனை கட்டுவது?

இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. அந்த 60 விநாடியில் பண்ணை 1 டன், ஆலை 2 டன், பேக்கரி 1 டன் தரும். எனவே, ஓர் ஆலைக்கு இரண்டு பண்ணை, இரண்டு பேக்கரி. விகிதம் 2:1:2. அதிக நேரம் எடுப்பதை அதிக எண்ணிக்கையில் கட்ட வேண்டும், இதுவே சூத்திரம்.

இனி வருமானம். ரொட்டி வெந்தவுடன் காசு வந்துவிடாது. தேவை நிறைவேறிய வீடுகளே வரி தரும். பேக்கரியோ, கிடங்கு நிரம்பி வேலை நின்றாலும் பராமரிப்புச் செலவு கேட்கும். ஆகவே வீடுகளை எண்ணிய பிறகே பேக்கரியைக் கட்டுங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. உழவர் வீட்டைத் தொழிலாளர் வீடாக உயர்த்தினால் வரி கூடும். ஆனால் பண்ணைக்கு உழவர் குறைவர், கோதுமை குறையும், ரொட்டி குறையும், உயர்த்திய வீட்டின் வரியே சரியும். முதலில் புதிய உழவர் வீடுகள், பிறகு உயர்வு என்பதே சரியான வரிசை.

வெளியூரில் வாடகை கொடுத்து வாழும் நமக்கு இது விளையாட்டுக் கணக்கு மட்டுமன்று. கடன் பட்டு இயந்திரம் வாங்குமுன், அதன் சரக்கை வாங்குவோர் எத்தனை பேர் என்று கேட்கும் பழக்கம் பத்து வயதிலேயே வரட்டும்.

பயிற்சி: ஒரு டன்னுக்கு இரும்புச் சுரங்கம் 15 விநாடி, கரிச்சூளை 30, உருக்காலை 30, எஃகு உத்தரம் செய்யும் ஆலை 45. எதுவும் தேங்காமல் ஓட எவை எத்தனை வேண்டும்?

விடை: மீச்சிறு பொது மடங்கு 90. விகிதம் 1:2:2:3.